தோல் தொற்று: கிறீம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அரையில் வட்டமாக ஏதோ கடிக்கிறது, அதாவது அரிக்கிறது. பாமசிக்குப் போய் "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் கலப்புக் கிறீம்தான். பங்கசுக்கு ஒரு மருந்து, பற்றீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசோல் என்ற ஸ்ரெரொயிட். பூசிய இரண்டாம் நாளே கடி அடங்கிவிடும், சிவப்பும் மங்கும். ரியூப்பை மூடி வைத்த இரண்டு வாரத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிய வட்டம் வரும். ஸ்ரெரொயிட் கடியை அடக்கியது, கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கியது. பங்கசு தடையில்லாமல் பரவியிருக்கிறது. தோல் கிளினிக்குக்கு மாதக்கணக்கில் ஆறாத படர்தாமரையோடு வருபவர்களைக் கேட்டால், பலருடைய கதையும் இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

தோலில் தொற்றுபவை நான்கு வகை: பற்றீரியா, பங்கசு, வைரசு, ஒட்டுண்ணிப் பூச்சி. ஒன்றின் மருந்து மற்றதைக் கொல்லாது. ஆகவே, எது வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மருந்து.

கடியா, நோவா?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்குமிழின் மஞ்சள் வெளிச்சத்தில் செதிலும் நிறமாற்றமும் சரியாகத் தெரியாது.

முதற்கேள்வி கடிக்கிறதா, நோகிறதா என்பது. பங்கசும் பூச்சியும் கடிக்கும். பற்றீரியா நோகும், சூடாக இருக்கும். அக்கி எரியும், குத்தும். தொழுநோய்த் திட்டில் எந்த உணர்வும் இருக்காது, அதுதான் அதன் அடையாளம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். ஓரம் தடித்துச் செதிலாகி நடுப்பகுதி தெளிந்திருந்தால் அது பங்கசின் கையெழுத்து. ஓரம் தெளிவில்லாமல் சிவந்து பரவினால் பற்றீரியாவாக இருக்கலாம். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் "சிவப்பு" சிவப்பாகத் தெரியாது என்பதை மறக்கக்கூடாது. ஊதாவாகவோ சற்றுக் கருமையாகவோதான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், ஒரு காலில் என்றால் மற்றக் காலோடு ஒப்பிட்டு.

கடைசியாக, வீட்டில் வேறு யாருக்கும் கடிக்கிறதா, அது இரவில் கூடுகிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் "ஓம்" என்றால் கீழே சொறி பற்றிய பகுதிக்கு நேரே போகலாம்.

பற்றீரியா: பொருக்குப் புண், கட்டு, செவ்வீக்கம்

சிறு பிள்ளைகளின் மூக்கடியிலும் வாயோரத்திலும் சிறு கொப்புளம் வந்து உடைந்து, தேன் காய்ந்தது போன்ற மஞ்சள் பொருக்குக் கட்டினால் அது இம்பெட்டிகோ. ஸ்ரபிலோகொக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு என்ற இரண்டு பற்றீரியாக்களின் வேலை. நுளம்புக் கடியைச் சொறிந்த இடத்தில்தான் அதிகம் தொடங்கும்.

பொருக்கின் மேலேயே மருந்தைப் பூசிப் பயனில்லை. சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து 10 நிமிடம் வைத்துப் பொருக்கை ஊறவைத்து மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு மியூபிரோசின் 2% அல்லது பியூசிடிக் அசிட் 2% களிம்பை நாளுக்கு 3 தடவை, 5 முதல் 7 நாள் பூச வேண்டும். புண்கள் பல இடங்களில் இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ களிம்பு போதாது, வைத்தியர் குளிசையோ பாணியோ தருவார். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொருக்குக் காயும்வரை, அல்லது மருந்து தொடங்கி 48 மணித்தியாலம் ஆகும்வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், துவாயைத் தனியாக்குங்கள்.

புண் ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு ஒரு கண் வேண்டும். காலையில் முகம் வீங்கினால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனால் உடனே ஆஸ்பத்திரி. ஸ்ரெப்ரோகொக்கசுத் தொற்றைத் தொடர்ந்து சிறுநீரகம் அழலும் நிலை அது. "சும்மா சொறிப்புண்" என்று விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கட்டு மயிர்க்காலில் தொடங்கும் சீழ். இளஞ்சூட்டு ஒத்தடம், ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை. பல கட்டுகள் அதிலேயே பழுத்து உடையும். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படுவதே அதிகம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் அருகே வரும் கட்டைத் தொடவே வேண்டாம். அங்கிருந்து இரத்தக்குழாய் வழியாகத் தொற்று மண்டைக்குள் போகக்கூடும். கட்டு மெத்தென்று ஆகியும் உடையாவிட்டால் வைத்தியர் கீறிச் சீழை எடுப்பார். ஒரு வருடத்தில் திரும்பத் திரும்பக் கட்டு வருகிறதா? இரத்தத்தில் சீனியைப் பரிசோதியுங்கள். நீரிழிவு இருப்பது கட்டினால்தான் தெரியவந்தது என்பது அரிதல்ல. சீனி சரியாக இருந்தால் மூக்குத் துவாரத்தில் பற்றீரியா குடியிருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம் உண்டு.

செவ்வீக்கம், அதாவது செல்லுலைட்டிஸ், தோலின் ஆழத்தில் பரவும் தொற்று. பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வரும். வீங்கும், சுடும், நோகும், குளிர்காய்ச்சல் வரும். செய்ய வேண்டியது: பேனையால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். காலை இடுப்புக்கு மேலாகத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் சிவப்பு கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தால் மறுபடி போக வேண்டும். முதல் நாளில் சற்றுத் தாண்டுவது நடக்கும், அதற்காகப் பதறி மருந்தை மாற்றிக் கேட்க வேண்டியதில்லை. கால்விரல் இடுக்கைக் கட்டாயம் விரித்துப் பாருங்கள். கிருமி நுழைந்த வாசல் பல நேரம் அங்கே ஆறாமல் கிடக்கும் சேற்றுப்புண்தான். அதை ஆற்றாவிட்டால் செவ்வீக்கம் திரும்பி வரும்.

படர்தாமரை

திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரை சூடான கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் உடம்பு வியர்வையிலேயே கிடக்கும். இறுக்கமான டெனிம், காயாத உள்ளாடை, ஒரே சாரத்தை இரண்டு மூன்று நாள் உடுப்பது எல்லாம் பங்கசுக்கு வசதி. அரை, தொடை இடுக்கு, இடுப்புப்பட்டி இறுக்கும் இடம் ஆகியவற்றில்தான் முதலில் பிடிக்கும்.

சிறிய பரப்பாக இருந்தால் களிம்பே போதும். குளோட்ரிமசோல் 1% என்றால் நாளுக்கு 2 அல்லது 3 தடவை, 2 முதல் 4 வாரம். டெர்பினஃபின் 1% என்றால் நாளுக்கு 1 அல்லது 2 தடவை, 1 முதல் 2 வாரம். பூசும் முறை:

1. குளித்து, இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் பங்கசுக்கு வேண்டிய ஈரத்தை நீங்களே அடைத்து வைத்த கதைதான்.
2. வெளியிலிருந்து உள்ளே பூசுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு வெளியேயும் 2 சென்ரிமீற்றர் வரை பூச வேண்டும், பங்கசு அங்கேயும் இருக்கிறது.
3. அளவுக்கு ஒரு கணக்கு: ரியூப்பிலிருந்து சுட்டுவிரல் நுனியில், முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கையளவுப் பரப்புக்கு, விரல்களும் சேர்த்து, போதும்.
4. கடி நின்றதும் நிறுத்தாதீர்கள். குளோட்ரிமசோல் போன்றவற்றை, தோல் தெளிந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் பூசுங்கள். பாதியில் விட்டது திரும்பி வரும்.
5. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சாரம், உள்ளாடை, துவாய், படுக்கைவிரிப்பு எல்லாவற்றையும் தோய்த்து வெயிலில் உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். திருகோணமலை வெயில் இந்த ஒரு விடயத்தில் நம் பக்கம். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ரோமம் கொட்டி வட்டத் திட்டு விழுந்த பூனைக்குட்டி வீட்டில் இருந்தால் பிள்ளைகள் அதைத் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

களிம்பு எப்போது தோற்கும்? தலையில் வந்தால் தோற்கும். பிள்ளையின் தலையில் செதிலோடு முடி முறிந்து வட்டமாக வழுக்கை விழுந்தால் கிறீம் முடிவேருக்குள் இறங்காது, வைத்தியர் தரும் குளிசையே வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். நகத்தில் வந்தாலும் அப்படியே: டெர்பினஃபின் குளிசை கைநகத்துக்கு ஏறத்தாழ 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் அதை எடுக்க முன் சொல்ல வேண்டும். உடம்பின் பல இடங்களில் பரவியிருந்தாலும், முன்னர் கலப்புக் கிறீம் பூசியிருந்தாலும் வைத்தியரிடம்தான் போக வேண்டும். ஸ்ரெரொயிட் பூசிய படர்தாமரை தன் வட்டத்தை இழந்து எக்சிமா என்ற தொற்றாத தோல் அழற்சி போலவே நடிக்கும், பார்ப்பவரையும் ஏமாற்றும்.

ரியூப்பின் பெட்டியில் மருந்துப் பெயர்களை ஒருதரம் வாசியுங்கள். "-சோன்", "-சோலோன்" என்று முடிவதும், குளோபெட்டசோல் என்பதும் ஸ்ரெரொயிட். குளோபெட்டசோலையும் குளோட்ரிமசோலையும் பலர் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவது பங்கசை வளர்க்கும், இரண்டாவது கொல்லும்.

தேமலும் சேற்றுப்புண்ணும்

நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய அல்லது மண்ணிறத் திட்டுகள், நகத்தால் சுரண்டினால் தவிடுபோல் மெல்லிய செதில்: இது தேமல். தோலில் எப்போதும் வாழும் மலசேசியா என்ற பங்கசு வியர்வையில் பெருகுவதால் வருவது. தொற்றாது, ஆகவே துவாயைப் பிரித்து வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். கீற்றோகோனசோல் 2% ஷம்புவைக் கழுத்திலிருந்து இடுப்புவரை தேய்த்து 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள், தொடர்ந்து 5 நாள். பங்கசு போனாலும் நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும். வெள்ளை மாறவில்லையே என்று மருந்துக்கு மேல் மருந்து போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. செதில் இல்லையென்றால் பங்கசு இல்லை, பொறுத்திருங்கள்.

சேற்றுப்புண் வயலில் நிற்பவர்களுக்கும், மழைக்காலத்தில் நனைந்த சப்பாத்தோடு திரிபவர்களுக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வரும். நான்காம், ஐந்தாம் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி, உரிந்து, வெடிக்கும். காயவைப்பதுதான் பாதி மருந்து. இடுக்கை விரித்துத் துடைத்து, பங்கசுக் களிம்பை மெல்லியதாகப் பூசிக் காற்றாட விடுங்கள். ஒரு சோடிச் சப்பாத்தை அடுத்தடுத்த நாள் போடாமல் மாற்றிப் போடுங்கள். நாற்றமும் சீழும் வந்தால் பற்றீரியாவும் சேர்ந்துவிட்டது, வைத்தியர் பார்க்க வேண்டும்.

சொறி: மருந்து சரி, முறை பிழை

ஸ்கேபீஸ் என்ற சொறி, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டுவதால் வருவது. இரவில் கடி உச்சத்துக்குப் போகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, கக்கம், தொப்புளைச் சுற்றி, ஆணுறுப்பு, புட்டம் ஆகிய இடங்களில் சிறு பருக்கள். முதல்தடவை தொற்றியவருக்குக் கடி தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதாவது ஒருவர் சொறியத் தொடங்கும்போது, இன்னும் சொறியாத மற்றவர்களிடமும் பூச்சி இருக்கக்கூடும். சொறி ஒருவரின் வருத்தமல்ல, வீட்டின் வருத்தம்.

பெர்மெத்ரின் 5% கிறீம் வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம், 5 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு அதில் பாதி. தாய், தகப்பன், பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு தடவைக்கு 90 கிராம், இரண்டு தடவைக்கு 180. "ஒரு ரியூப் வாங்கி எல்லாரும் கொஞ்சம் பூசினோம், சரிவரவில்லை" என்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

முதல்நாள் பின்னேரம் எல்லாரும் குளித்து, உடம்பு ஆறிக் காய்ந்ததும் தொடங்குங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடமும் விடாமல் பூச வேண்டும்: நகத்தடி, விரலிடுக்கு, தொப்புள், பிறப்புறுப்பு, புட்டப் பிளவு, முதுகு. முதுகுக்கு மற்றவர் உதவ வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கண், வாய் தவிர்த்து முகத்திலும் தலையிலும் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் பூசாதீர்கள். 8 முதல் 12 மணித்தியாலம் விட வேண்டும். இடையில் கை கழுவினால், பிள்ளைக்குக் கால் கழுவினால் அந்த இடத்தில் திரும்பப் பூசுங்கள். காலையில் குளித்துச் சுத்தமான உடுப்பு. அன்றே பழைய உடுப்பு, விரிப்பு, துவாய் எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாத தலையணையையும் போர்வையையும் பெரிய பொலித்தீன் பையில் கட்டிக் குறைந்தது 3 நாள் வையுங்கள், பூச்சி மனிதத் தோலில்லாமல் அதற்குமேல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. ஏழாம் நாள் முழுவதையும் திரும்பச் செய்யுங்கள், முட்டையிலிருந்து வெளிவந்தவற்றுக்காக.

கடி இல்லாத அப்பம்மாவும் அதே இரவில் பூச வேண்டும். "எனக்கொன்றுமில்லை, பிள்ளை" என்பார். அவரை விட்டால் அடுத்த மாதம் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பென்சைல் பென்சோயேற்று 25% திரவமும் பயன்படுகிறது. விலை குறைவு, எரிவு கூட. சொறிந்து தோலுரிந்த இடத்தில் தாங்காது, பிள்ளைகளுக்கு ஐதாக்க வேண்டும். அதனால் வைத்தியர் சொன்ன அளவில் மட்டும். எந்த மருந்தானாலும் பூச்சி செத்த பிறகும் கடி 2 முதல் 4 வாரம் தொடரலாம். அது மருந்து பலிக்காததன் அடையாளமல்ல. அதற்காக நாளாந்தம் பெர்மெத்ரின் பூசினால் தோல் வறண்டு புதிதாகக் கடிக்கத் தொடங்கும்.

வைரசு

கொப்புளிப்பான் வந்தால் வேப்பிலையில் படுக்கவைப்பதில் தீங்கில்லை. குளிக்கவிடாமல் வைப்பதில்தான் தீங்கு, அழுக்கோடு சொறிந்த கொப்புளத்தில் பற்றீரியா ஏறும். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி ஒற்றித் துடையுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரின் கூடாது. வளர்ந்தவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் முதற் கொப்புளம் கண்ட அன்றே வைத்தியரிடம் போக வேண்டும், அசைக்ளோவிர் என்ற வைரசு மருந்தை 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எல்லாக் கொப்புளமும் பொருக்காகும்வரை தொற்றும்.

அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி கட்டியது போல வரும். 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து, அன்றே கண் வைத்தியர். பாலுண்ணியும் நடுவில் குழி விழுந்த முத்துப்போன்ற பருக்களும் பெரும்பாலும் தாமாகப் போகும். நகத்தால் கிள்ளினால் பரவும், அவ்வளவுதான்.

கடலும் வயலும்

"உப்புத்தண்ணி பட்டால் புண் ஆறும்" என்று கரையில் சொல்வார்கள். கடல்நீர் புண்ணை உலர்த்தியது போலத் தோன்றும். ஆனால் இதமான கடல்நீரில் விப்ரியோ என்ற பற்றீரியா வகைகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று, நீரிழிவு உள்ளவர்களிலும் குடியால் ஈரல் பழுதானவர்களிலும் ஒன்றிரண்டு நாளுக்குள் கால் முழுவதையும் இரத்தக் கொப்புளமாக்கி உயிருக்கே உலை வைக்கும். திறந்த புண்ணோடு கரைவலை இழுக்க இறங்காதீர்கள். கன்னியாவின் ஏழு கிணற்றுச் சுடுநீரும் அப்படித்தான்: குளிக்கச் சுகம், ஆனால் அது பங்கசையோ சொறிப் பூச்சியையோ கொல்லாது, திறந்த புண்ணோடு பொதுக் கிணற்றில் குளிப்பது மற்றவர்களுக்கும் நல்லதல்ல.

திருக்கையோ கெளிறோ குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில், ஏறத்தாழ 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் வையுங்கள், நோவு தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், குத்துப்பட்ட இடம் சூட்டைச் சரியாகச் சொல்லாது. முள் உள்ளே முறிந்திருக்கலாம், ஏற்பு ஊசியும் வேண்டும், ஆகவே ஆஸ்பத்திரி. மீன் வெட்டுபவரின் விரலில் சில நாள் கழித்து ஊதா நிறத்தில், தெளிவான ஓரத்தோடு நோகும் வீக்கம் வந்தால் "மீன் வேலை செய்கிறேன்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் நோயைக் கண்டுபிடிக்க வைக்கும்.

தம்பலகாமம், மூதூர், கந்தளாய்ப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு வேறொரு கவலை. ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் பற்றீரியா வாழ்கிறது. காலில் ஆறாத புண், சீழ்க்கட்டு, விட்டு விட்டுக் காய்ச்சல், அதோடு நீரிழிவும் இருந்தால் சாதாரண அன்ரிபயோட்டிக் பலிக்காது, சீழிலோ இரத்தத்திலோ உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்து நீண்டகாலம் மருந்து எடுக்க வேண்டும். காலில் வெட்டு இருந்தால் உழவு நாட்களில் சேற்றில் நிற்காதீர்கள், நிற்கத்தான் வேண்டுமென்றால் உயரமான இறப்பர் சப்பாத்து. எலிக்காய்ச்சலும் இதே வெட்டுக்களால்தான் நுழையும், அதற்கான தடுப்புக் குளிசை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம்.

நோகாத, கடிக்காத இரண்டு

வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் தெரியவில்லையா? தொழுநோயாக இருக்கலாம். மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். முறையாக மருந்து எடுக்கத் தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவது விரைவில் நின்றுவிடும். ஒளித்து வைப்பதால் கெடுவது விரல்களும் நரம்பும்தான்.

மற்றது லீஷ்மேனியா. கையிலோ முகத்திலோ சிறு பருவாகத் தொடங்கி, நடுவில் குழிந்து, ஓரம் தடித்து, மாதக்கணக்கில் நோகாமல் கிடக்கும் புண். பரப்புவது மணல் ஈ. பெயரில் மணல் இருந்தாலும் கடற்கரையைவிடப் பற்றைக்காடும் கறையான் புற்றும்தான் அதற்கு இடம். அன்ரிபயோட்டிக் களிம்பு எத்தனை பூசினாலும் ஆறாது, புண்ணுக்குள் ஊசி போட்டோ உறையவைத்தோ வைத்தியம் செய்வார்கள்.

தாமதிக்கக்கூடாதவை

புண்ணின் தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் நோவு, தோல் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறுவது, இரத்தக் கொப்புளம், மணித்தியாலக் கணக்கில் பரவும் சிவப்பு, காய்ச்சலோடு மயக்கம் அல்லது குழப்பம், கண்ணைச் சுற்றி வீக்கம், நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் எந்தப் புண்ணும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கொப்புளத்தோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தால் இரவென்றும் பார்க்காமல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோ போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அவசரமில்லாமல் தோல் கிளினிக்குக்குப் போகும்போது அதுவரை பூசிய ரியூப்கள் எல்லாவற்றையும், வெறுமையானதையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள். நாட்டுமருந்து பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அன்று காலை புண்ணில் எதையும் பூச வேண்டாம், செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டிவரலாம். திட்டு தொடங்கிய நாளில் ஒன்று, கிறீம் பூசிய பிறகு ஒன்று என்று கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். மருந்தால் அழிந்துபோன அந்த முதல் வட்டம் முதற் படத்தில் அப்படியே இருக்கும்.